சுப்பு என்று கூப்பிட்டால் சுகிர்தா வருவாள்

வேலுத்தாய்க்குப் பக்கவாதம் வந்து ஏழு வருஷம் ஆகிறது. வலது கையும் வலது காலும் போயின, கூடவே பேச்சும் போயிற்று. அதற்கு முன்னால் விருதுநகர் பஜாரில் எந்த வத்தல் வியாபாரியையும் வாயாலேயே மடக்கிவிடுகிற அம்மாள். அவ்வளவு பேச்சில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு சொல், "சுப்பு." தண்ணீர் வேண்டுமென்றாலும் சுப்பு, முதுகு அரித்தாலும் சுப்பு, கஞ்சி சூடாக இருந்தாலும் சுப்பு. இந்த நோயில் சிலருக்கு ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும், நினைத்துச் சொல்வதில்லை என்று டாக்டர் விளக்கினார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சுப்பு என்பது மகள் சுப்புலட்சுமி. சிவகாசியில் அச்சாபீஸ்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். மாதம் ஒரு தடவை ஆப்பிள் பையோடு வருவாள். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டால் அதுவும் கிடையாது. வந்தால், "பாத்தீகளா, அம்மா வாயில எம்பேருதான் நிக்குது" என்று மூக்கைச் சிந்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பாள்.

கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவள் மருமகள் சுகிர்தா. சாத்தூரில் பிறந்தவள், நாற்பத்தேழு வயது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். துடைக்க வேண்டும், பவுடர் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும், புரை ஏறாமல் கரண்டி கரண்டியாகக் கூழ் ஊட்ட வேண்டும். சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை. ஆள் வைக்கலாமே என்று ஒரு தடவை கேட்டாள். "வெளியாளு கை பட்டா அம்மாவுக்கு ஆகாது" என்று அவள் புருஷன் சங்கரலிங்கம் முடித்துவிட்டார். அவர் கை மட்டும் எத்தனை தடவை பட்டது என்று கேட்டால் வீட்டில் சண்டை வரும்.

சுகிர்தாவின் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது. எடுத்துவிடலாம், அதன் பிறகு ஆறு வாரம் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு வாரம் தூக்காமல் இருந்தால் அத்தையை யார் தூக்குவது? ஸ்கேன் சீட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. அவள் பேர் முழுசாக எழுதியிருக்கிற காகிதம் ரேஷன் கார்டை விட்டால் அது ஒன்றுதான். புருஷனுக்கு அவள் 'இந்தா பாரு', கோயம்புத்தூரில் படிக்கிற மகன் ஹரிபிரசாத்துக்கு 'மம்மி', மாமியாருக்கு 'சுப்பு'.

பார்க்க வருகிறவர்கள் வேலுத்தாயின் முதுகைத் திருப்பிப் பார்ப்பார்கள். "ஏழு வருசமாகியும் ஒரு படுக்கைப் புண்ணு இல்லையே! நீ மகராசி தாயி" என்பார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். மகராசி என்று சொன்னவர்களில் ஒருத்திகூட, நீ போய்ப் படு, ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை.

இப்படிப் பரவிய புகழ்தான் மலர்ச்சி மகளிர் சங்கத்தின் காதுக்கும் போயிருக்கிறது. அதன் தலைவி அழகுமீனா அழைப்பிதழோடு நேரில் வந்தார்.

"சுகிர்தா, இந்த வருசம் சிறந்த மருமகள் விருது உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. நீங்க கட்டாயம் வரணும்."

தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரியச் சுகிர்தாவுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பொன்னாடையோ கேடயமோ அவளுக்குப் பெரிதில்லை. மைக்கில் அவள் பேரைச் சொல்வார்கள். அதன்பின் பந்தியில் உட்கார்ந்தால் யாரோ சமைத்ததை யாரோ பரிமாறுவார்கள். மூன்று மணி நேரம் போதும். ஏழு வருஷத்தில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த மூன்று மணி நேரம்தான்.

சுப்புலட்சுமிக்குப் போன் போட்டாள். "அதுக்கென்ன மதினி, நான் வந்து அம்மா பக்கத்துல இருக்கேன். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்றாள் அவள். சுகிர்தா அரக்குப் பட்டை எடுத்து வெயில் காட்டினாள். ஜாக்கெட் பத்தவில்லை, தையலைப் பிரித்துவிட்டாள். ஞாயிறு காலையிலேயே இரண்டு முழம் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றி வைத்தாள்.

நான்கு மணிக்குக் காரில் வந்து இறங்கினாள் சுப்புலட்சுமி, மயில்கழுத்துப் பட்டில்.

"என்ன சுப்பு, பட்டுல வந்திருக்க?"

"இன்னொரு விசேசம் மதினி, அங்கனருந்து நேரா வாரேன்."

சுகிர்தா பட்டைக் கட்டிப் பூவையும் வைத்துவிட்டாள். அஞ்சரைக்கு ஒரு தடவை புரட்டிவிட வேண்டும் என்று நாத்தனாருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கட்டிலிலிருந்து நாற்றம் வந்தது. வேலுத்தாய்க்கு வயிறு கழிந்துவிட்டது. "சுப்பு, சுப்பு" என்று கிழவி தவித்தாள். நிஜமான சுப்பு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

"அய்யோ மதினி, எனக்குக் கொமட்டுது!"

சுகிர்தா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைத்தாள். தூக்கும்போது அடிவயிற்றில் சுருக்கென்றது. புடவையிலும் பட்டுவிட்டது. முடித்து நிமிர்ந்தபோது மணி நாலே முக்கால்.

"பத்து நிமிசம் பொறுங்க, குளிச்சிட்டு வந்துர்றேன். சுப்பு இங்கன உக்காரட்டும்" என்றாள் புருஷனிடம்.

சங்கரலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இனிமே எங்கன குளிச்சுக் கிளம்ப? மொத விருதே நம்மதுதான். ஆளில்லன்னா சங்கத்துக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"யாராச்சும் போயி வாங்கணுமில்ல" என்றாள் சுப்புலட்சுமி வாசலிலிருந்தே. "நான் வாங்குனா என்ன, நீங்க வாங்குனா என்ன மதினி? எல்லாம் ஒரே குடும்பந்தான."

"அப்ப அத்தைய அவ பாக்கட்டுங்க. இன்னிக்கு ஒரு நாளு."

"அவளால முடியாதுன்னு கண்ணால பாத்தேல்ல? இந்தா பாரு, உனக்குன்னா பழகிப்போச்சு."

"பழகல" என்றாள் சுகிர்தா. "ஏழு வருசத்துல ஒரு நாளும் எனக்குப் பழகல."

"வந்து பேசிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார். கார் கிளம்பிப் போயிற்று. யாரைத் திட்டுவது? கேட்க ஆள் வேண்டாமா?

விழாவை நேரலையில் காட்டுகிறார்கள் என்று ஹரிபிரசாத் அவள் போனுக்கு லிங்க் அனுப்பியிருந்தான். 'கலக்குங்க மம்மி' என்று கீழே எழுதியிருந்தான். அவள் குளித்து, பழைய நூல் புடவையைக் கட்டி, போனைக் கட்டில் கம்பியில் சாய்த்துவைத்துக் கூழ் ஊட்ட உட்கார்ந்தாள்.

"முதுகில் ஒரு புண்கூட இல்லாமல் மாமியாரைப் போற்றிவரும் நம்ம ஊர் மருமகள், திருமதி சுகிர்தா சங்கரலிங்கம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

கைதட்டல் கேட்டது. அவள் பேர் மண்டபம் முழுக்க ஒலித்தது. மயில்கழுத்துப் பட்டு படியேறிப் போய்ப் பொன்னாடை போர்த்திக்கொண்டது. மதினியால் வர முடியவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுச் சுப்புலட்சுமி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு எல்லாமே மறந்துபோச்சு. எம்பேரு ஒண்ணு மட்டுந்தான் ஞாபகம் இருக்கு" என்று விம்மினாள். முன்வரிசையில் அழகுமீனா கண்ணைத் துடைத்தார்.

வேலுத்தாய் கூழை வாயில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தாள். இடது கையை மெல்லத் தூக்கிக் காட்டினாள்.

"சுப்பு."

"ஆமாத்தே" என்றாள் சுகிர்தா. "ஏழு வருசத்துல இன்னிக்குத்தான் சரியாச் சொல்லியிருக்கீக."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறக்காமல் சும்மா நின்றாள். உள்ளே இருந்து மறுபடி குரல் வந்தது.

"சுப்பு."

"அவ மேடையில நிக்கா அத்தே" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள் சுகிர்தா. "முடிச்சிட்டு வருவா, இருங்க."

இரண்டாவது தடவை கூப்பிட்டபோதும் அவள் அசையவில்லை. மூன்றாவது தடவையும் போகவில்லை. நான்காவது தடவை அந்தக் குரலில் அழுகை கலந்திருந்தது. மணி அஞ்சரை ஆகியிருந்தது, புரட்டிவிடுகிற நேரம். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.