மெல்லிய கோட்டுக்காரி ஜெயந்தி

ஜெயந்தி போய்விட்டாள்.

இன்று காலை, பாகான் டாலாமில் உள்ள அவள் வீட்டில். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லையாம். அவள் கணவர் சேகர் போனில் சொன்னார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜார்ஜ்டவுனில் எங்கள் சின்ன டிசைன் ஆபீஸில் என் பக்கத்து மேசைக்காரி. தமிழ் ஃபான்ட் வரைகிறவள்.

ஒரு பெரிய ஹோட்டல் எங்களிடம் மெனு கார்டு கேட்டது. அவர்களுடைய ஆங்கில எழுத்து, சென்ட் பாட்டிலிலும் ஃபேஷன் பத்திரிகை அட்டையிலும் பார்ப்போமே, அந்த ரகம். ஒரு கோடு தடிமன், அடுத்த கோடு தலைமுடி. அதற்கு ஜோடியாகத் தமிழும் வேண்டும் என்றார்கள்.

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "நம்ம எழுத்த எங்கண்ணே பாக்குறோம்? கோயில் பேனரு, சாவு நோட்டீசு. ஒரு தடவையாச்சும் பளபளன்னு நிக்கட்டும் லா."

"ஏன் எல்லா எழுத்தும் டயட்ல இருக்கு?" என்று அவள் வரைந்ததைப் பார்த்துக் கிண்டல் செய்தேன்.

"டயட் இல்லண்ணே, இடுப்பு. நம்ம எழுத்துக்கும் இடுப்பு இருக்கு. யாரும் காட்டுனதில்ல, அவ்வளவுதான்."

ஸ்க்ரீன் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. பிரின்ட் எடுத்து வாசல் அஞ்சடி நடைபாதைத் தூணில் ஒட்டுவாள். என்னையும் இழுத்துக்கொண்டு, மோட்டார் வருவதைக்கூடப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டுவாள். எதிர் காப்பிக் கடை வாசலில் நின்று, "மெல்லிசுக் கோடு தெரியுதா?" என்பாள்.

தெரியவில்லை என்றால் முகம் சுருங்கிவிடும். உடனே திரும்பிப் போய்க் கோட்டைத் திருத்துவாள்.

கடைசியில் ஹோட்டல்காரர்கள் தமிழே வேண்டாம் என்றுவிட்டார்கள். மெனுவில் இடமில்லையாம்... எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளோ மறுநாளும் தூணில் ஒரு தாள் ஒட்டியிருந்தாள்.

ஜ, ஷ, ஸ எல்லாம் இன்னும் பாக்கி. "உன் பேருக்கே எழுத்து இல்லையேம்மா" என்பேன்.

"என் பேருதானே, எங்க ஓடிரும்? கடைசியில பாத்துக்கலாம்."

இன்று மத்தியானம் சேகர் மறுபடி கூப்பிட்டார். "அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்ப நோட்டீசு வேணும். அவ எழுத்துலயே போட்டுக் குடுங்க. எங்கயும் வரலியேன்னு ஏங்கிக்கிட்டே இருந்தா."

போட்டேன். அன்பு மனைவி, அருமைத் தாயார், வீட்டு முகவரி, மின்சுடலைக்குப் புறப்படும் நேரம்... எல்லாம் அவள் ஆசைப்பட்ட மாதிரியே பளபளவென்று நின்றன. பாவி, இதற்கா வரைந்தாய்?

பிறகு பெயரை அடித்தேன். முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்.

நானே வரைந்து பார்த்தேன். தடித்த கோடு வந்தது. மெல்லிய கோடு எனக்கு வரவில்லை. பெயரை மட்டும் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் சாதாரண எழுத்தில் போட்டு அனுப்பினேன்.

உடனே போன். "அவ பேரு மட்டும் ஏண்ணே வேற மாதிரி இருக்கு?"

சொன்னேன். அவர் அழுதார். நானும்தான்.

இங்கேயும் உன் பெயரைச் சாதாரண எழுத்தில்தான் அடிக்கிறேன், ஜெயந்தி.

போய்ட்டு வா, தங்கச்சி...