ஞாயிற்றுக்கிழமை அப்கிரேட்

பயப்படுவதற்கு முத்துச்செல்விக்குத் தனியாக ஒரு காரணம் வேண்டியதில்லை. லிஃப்டில் ஏற மாட்டாள். கரண்ட் போய் வந்தால் ஃபிரிட்ஜைத் தொட மாட்டாள். சாயர்புரத்தில் பிறந்தவள், பஸ் ஏறினால் கடல் வந்துவிடும், ஆனாலும் இந்த முப்பத்தெட்டு வயதுக்குள் கணுக்காலுக்கு மேல் கடல் தண்ணீர் பட்டதில்லை. திரேஸ்புரத்து நாட்டுப்படகுச் சங்கம், நூற்றுப் பத்துப் படகுகளைக் கண்காணிக்கும் வேலையை ஆள் பார்த்து இவளிடம்தான் கொடுத்திருந்தது.

கண்காணிப்பது கம்ப்யூட்டரில்தான். ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். படகு கடலில் இருக்கும் வரை, தான் நிற்கும் இடத்தை அது இரண்டு மூன்று நிமிடத்துக்கொரு தடவை அனுப்பிக்கொண்டே இருக்கும். இருபது மைல் தூரம் வரை சங்கத்து மொட்டைமாடி ஆண்டெனாவுக்கு அது எட்டும். அங்கிருந்து ரிசீவர் வழியாக ஒரு வயரில் இறங்கி வந்து, முத்துச்செல்வியின் திரையில் கடல் வரைபடத்தின் மேல் பச்சைப் புள்ளியாக நிற்கும். துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடக்கும் கப்பல்களும் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

வைரஸ் புகுந்து படுத்துவிட்ட அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு எழுப்பியவளும் அவளே. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாத யார் யாரோ இணையத்தில் எழுதிப் போட்டதை எழுத்துக்கூட்டி வாசித்துக் கற்றுக்கொண்டாள். உள்ளே இருப்பது ஒரே மென்பொருள் இல்லை, இரண்டாயிரத்துச் சில்லறை குட்டி மென்பொருள்கள், பேக்கேஜ் என்று பேர். ஒவ்வொன்றும் இன்னொன்றின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அவளுக்குப் பட்டுத்தான் புரிந்தது. வந்த புதிதில் வேண்டாத விளையாட்டு ஒன்றை நீக்கப் போனாள். கூடவே என்னென்ன போகும் என்று அது காட்டிய பட்டியலைப் படிக்காமல் ‘ஆம்’ கொடுத்தாள். திரை கறுத்துவிட்டது. அதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று, அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எதை மாற்றினாலும் ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றுவாள். திரேஸ்புரத்தில் ஞாயிறன்று ஒரு படகும் கடலுக்குப் போகாது. மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார்கள், கறி எடுப்பார்கள், மத்தியானம் படுத்துத் தூங்குவார்கள். கடல் காலியாக இருக்கும் ஒரே நாள் அது. அந்த நாளில் கம்ப்யூட்டர் செத்தாலும் யாரும் சாக மாட்டார்கள் என்பது அவள் கணக்கு.

பழைய பதிப்புக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று இரண்டு வருடமாகத் திரை எச்சரித்துக்கொண்டே இருந்தது. அவளும் இரண்டு வருடமாக அதை மூடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வரைபடத்தையே புதுப்பிக்க முடியாது என்றானபோது வேறு வழி இல்லை. ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை எட்டு மணிக்கு ஆபீசைத் திறந்தாள். வரைபடத்தை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே பார்க்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துவிட்டு, தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு, அப்கிரேடைத் தொடங்கினாள்.

மூன்று மணி நேரம் ஓடியது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. கடல் வரைபடம் பளிச்சென்று வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தவள் மறுபடி நிமிர்ந்தாள். பச்சைப் புள்ளி இல்லை, சரி. சிவப்பு எங்கே? துறைமுகத்துக்கு வெளியே ஞாயிறு என்று கப்பல்கள் எழுந்து போய்விடுமா?

ரிசீவர் கம்ப்யூட்டரோடு பேசவில்லை. ஆனாலும் திங்கள் விடியும் வரை நேரம் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுந்து தண்ணீர் குடித்தாள். தம்ளரைக் கீழே வைப்பதற்குள் கதவு திறந்தது.

சங்கத் தலைவர் ரெமிஜியுஸ் அண்ணாச்சி. பின்னால் ஜெசிந்தா, பூசைக்குக் கட்டிய சேலையோடு.

“ஏளா, நல்ல வேளை நீ இருக்க. பூட்ட உடைக்கணுமோன்னு வந்தேன். சந்தியாகு போட்டு எங்கன நிக்குன்னு பாரு.”

சந்தியாகு ஜெசிந்தாவின் கணவன், அவன் படகைத்தான் அண்ணாச்சி கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் கரை திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. கூட வந்த படகு கட்டி இழுத்து வருகிறேன் என்றதற்கு, வேண்டாம், நங்கூரம் போட்டிருக்கிறோம், நாங்களே சரி பண்ணிக் காலையில் வந்துவிடுவோம் என்று ரோஷமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவனோடு மூன்று பேர். முதல் பூசை முடிந்தும் வராததால் ஜெசிந்தாவின் தம்பி தேடிப் போனான். நின்ற இடத்தில் படகு இல்லை. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நங்கூரக் கயிறு அறுந்திருந்தால், அந்த மேற்குக் காற்று படகைக் கிழக்கே நடுக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே போகும்.

முத்துச்செல்வி வெறும் திரையைப் பார்த்தாள். காலை எட்டு மணிக்கு அந்தப் புள்ளி இதே திரையில் இருந்திருக்கும். அவள் ஒரு கண் பார்த்திருந்தால் போதும்.

“சிக்னல் வரல அண்ணாச்சி,” என்றாள்.

“வரலன்னா?”

சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. வேலை போய்விடும், ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டிவரும், ஊரே வாசலில் வந்து நிற்கும். எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது.

“நம்ம ஆண்டெனாவுக்கு எட்டல போல.”

ஜெசிந்தா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ரெமிஜியுஸ் போனை எடுத்து கடலோரக் காவல்படையின் மீட்புக் கப்பலுக்குப் பேசினார்.

“சார், போட்டு இருபது மைலத் தாண்டிட்டு. சங்கத்துல பாத்தாச்சு. நீங்க நேரா இருபதுக்குப் போயி, அங்கன இருந்து கிழக்க தேடுங்க. உள்ள தேடி நேரத்தைப் போக்காண்டாம்.”

முத்துச்செல்வி அதைக் கேட்டாள். தன் ஒரு வார்த்தை கப்பலாகப் புறப்படப் போவதைக் கேட்டாள். படகு பத்து மைலில் தத்தளித்தாலும், பன்னிரண்டில் தத்தளித்தாலும், அந்தக் கப்பல் அதைத் தாண்டிப் போய்விடும். இதுவரை பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“அண்ணாச்சி, அப்படிச் சொல்லாதிய!” கத்திவிட்டாள். “போட்டு எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாது. காலைல சிஸ்டத்த மாத்துனேன். அதுல இருந்து ஒண்ணுமே தெரியல. கப்பல்கூடத் தெரியல. நான் பொய் சொல்லிட்டேன்.”

ரெமிஜியுஸ் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தாள்.

“சார், ஒரு நிமிசம்,” என்று போனில் சொல்லிவிட்டு, “எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார்.

“தெரியாது.”

“கால் மணி நேரத்துல கப்பல் கெளம்பிரும். அதுக்குள்ள இடம் சொல்லணும்.”

ஒரே வார்த்தையை மூன்று தரம் தப்பாக அடித்தாள். வயரைப் பிடுங்கிச் செருகிவிட்டு, கம்ப்யூட்டர் தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பை வாசித்தாள். ரிசீவர் வந்ததாக ஒரு வரி. அடுத்த நொடியில் வேறொரு பேக்கேஜ் அதை எடுத்துக்கொண்டதாக ஒரு வரி. அந்தப் பேரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. விவரத்தைத் தேடினாள். பார்வையற்றவர்கள் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெயில் கருவியை இயக்குவது அது. அப்கிரேடோடு தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. ரிசீவர் வயரில் இருந்த மலிவுச் சில்லும் பிரெயில் கருவியின் சில்லும் ஒரே அடையாள எண்ணைச் சொல்ல, தன்னுடைய கருவி என்று பிடித்துக்கொண்டது. அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. யாருக்கோ உதவத்தான் வந்திருக்கிறது.

நீக்கச் சொன்னாள். ‘இத்தோடு இவையும் போகும்’ என்று பட்டியல் வந்தது. கறுத்த திரை கண்ணுக்குள் வந்து போனது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போயிருந்தது. ஒவ்வொரு பேரையும் வாய்விட்டுப் படித்தாள். மூன்றே பெயர்கள், மூன்றும் பிரெயிலைச் சேர்ந்தவை. தரையில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவும் ஏதோ ஜெபம் என்று நினைத்துக் கூடவே முணுமுணுத்தாள்.

‘ஆம்’ கொடுத்தாள். வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள்.

ஒரு சிவப்பு வந்தது. இன்னொன்று. அப்புறம் கொத்தாகக் கப்பல்கள். பச்சை இல்லை. ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. முத்துச்செல்விக்கு மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது. மூன்றாவது நிமிடம், தென்கிழக்கில், பதினாலு மைலில், ஒரு பச்சை.

எண்களை அவள் வாசிக்க, ரெமிஜியுஸ் போனில் கத்தினார். நாலு மணிக்கு நாலு பேரையும் கப்பலில் ஏற்றினார்கள். படகுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றதாம். பொழுது சாய்கிற வரை தாங்கியிருக்காது என்று சந்தியாகுவே சொன்னான்.

வேலை போகவில்லை. “உண்மைய அப்பமாச்சும் சொன்னியே,” என்றார் ரெமிஜியுஸ். இப்போது அவள் ஞாயிற்றுக்கிழமையும் முதலில் வரைபடத்தைப் பார்க்கிறாள். சனிக்கிழமை சாயங்காலமே கரையில் போய்ப் படகுகளை ஒன்று ஒன்றாக எண்ணிவிட்டு வருகிறாள்.

ஜெசிந்தாவும் சண்டைக்கு வரவில்லை. சந்தியாகு கடலுக்குப் போகும் நாளெல்லாம் மத்தியானம் போன் போட்டு, “செல்வி, எங்க ஆளு எங்கன?” என்று கேட்பது அவள் வழக்கம். இவள் சொன்னதும், சரி என்று வைத்துவிடுவாள். அந்த ஞாயிறுக்கு அப்புறம் போன் வருவதில்லை. உச்சி வெயிலில் அவளே நடந்து வருகிறாள். முத்துச்செல்வி எழுந்து நாற்காலியைக் கொடுக்கிறாள். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, பச்சைப் புள்ளி இரண்டு தரம் நகர்வதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு, ஜெசிந்தா எழுந்து போகிறாள்.