பால் பாக்கெட்டில் கொக்கோ

என் மனைவிக்கு வங்கியில் பதவி உயர்வு கிடைத்தது. கூடவே பொள்ளாச்சிக்கு மாற்றலும் வந்தது. திண்டிவனம் வீட்டில் நான் தனியானேன். காலையில் ரயில் பிடித்து விழுப்புரத்தில் அலுவலகம், சாயங்காலம் திரும்பி வந்தால் ஓரிடத்தில் உட்கார முடியாது. டி.வி.யைப் போடுவேன், அணைப்பேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாசலைப் பார்ப்பேன்.

முதல் தடவை ஊருக்கு வந்தபோது அவள் பையிலிருந்து மஞ்சளாக ஒரு கொக்கோ காயை எடுத்தாள். அங்கே தென்னந்தோப்புக்கு நடுவில் காய்க்கிறதாம். உடைத்து, கொட்டையைச் சுற்றியிருந்த வெள்ளைச் சதையைச் சப்பினோம். புளிப்பும் இனிப்புமாக இருந்தது.

"கொட்டை காஞ்சா செத்துடுமாங்க. இன்னைக்கே நட்டுடணும்" என்றாள்.

பால் பாக்கெட் கவர்களில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் எருவும் நிரப்பி, பன்னிரண்டு கொட்டைகளை ஊன்றினோம். மறுநாள் அவள் கிளம்பிவிட்டாள்.

மூன்றாம் நாளே விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அடுத்த நாளும் கிளறினேன். ஆறாம் நாள் ஒரு கொட்டையை வெளியிலேயே எடுத்துவிட்டேன். வெள்ளையாக ஒரு சின்ன வேர் விட்டிருந்தது. என் விரல் பட்டு ஒடிந்துபோனது.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். "இன்னா சார், தெனம் தோண்டிக்கினே இருந்தா அது எப்பிடி மொளைக்கும்? சும்மா உட்டுட்டுப் பாருங்க."

சும்மா விடத்தான் எனக்குத் தெரியவில்லை.

அலுவலகம் போனதும் மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "இதுக்கா போன் பண்றீங்க? இங்க ஜனம் நின்னுக்கினு இருக்கு" என்று வைத்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள்.

"கோவமா?"

"இல்ல."

"உங்க குரலக் கேட்டா அழுகை வருதுங்க. எல்லாரும் பாக்கறாங்க. அதான் வெச்சுட்டேன்."



ஏழு முளைத்தன. வளைந்த தண்டு கொட்டையையே தலையில் தூக்கிக்கொண்டு மேலே வந்தது. பிறகு அக்னி வெயில் ஆரம்பித்தது. ஒரு நாள் மதியம், செடிகளை நிழலில் வைக்காமல் வந்தது நினைவுக்கு வந்து வேலையே ஓடவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே திண்டிவனம் போனேன். இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. எல்லாவற்றையும் குளியலறைக்குள் கொண்டுபோய் ஈரச்சாக்கின்மேல் வைத்தேன். மூன்று போய்விட்டன, நான்கு நின்றன.

அடுத்த முறை வந்தவள் குளியலறையைத் திறந்து பார்த்து, "அப்ப நான் எங்க குளிக்கறது?" என்று சிரித்தாள். செடிகளைத் தொட்டுப் பார்த்தவள் சொன்னாள்: "நம்ம ஊர் சூட்டுக்கு இது தாங்காதுங்க. எடுத்துக்கினு போறேன். நீங்களும் லீவு போட்டுட்டு வாங்களேன்."

பதினைந்து நாள் லீவு கிடைத்தது. மடியில் ஆளுக்கு இரண்டு கவர்களை வைத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போனோம். அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் தன் தோப்பில் தென்னை நிழலில் இடம் காட்டினார். தூறலில் நனைந்தபடி நான்கையும் நட்டோம்.

மூன்று பிழைத்து முழங்கால் உயரம் வந்துவிட்டன. கோயம்புத்தூர்ப் பக்கம் எங்கேயாவது மாற்றிவிடச் சொல்லி எங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.