லினெட் தன் கையால் எழுதிய கடிதம்

வயாலா என்ற இரும்பு ஆலை ஊரில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் லினெட் ரோடா பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தாள். நாற்பத்திரண்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குக் கறியை மசித்துக் கொடுக்க வேண்டும், பூசணி சூப் என்றால் யார் இரண்டாவது கிண்ணம் கேட்பார்கள் என்பதெல்லாம் சீட்டைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

அந்த வேலை போனதற்குக் காரணம் பதினெட்டுக் கிலோ கொத்துக்கறி. குளிர்பெட்டி இரண்டு நாள் பழுதாகிக் கிடந்ததில் கறி வாடை அடித்தது. "வெங்காயமும் சாஸும் தூக்கலாப் போட்டு, மாவுக்குள்ள வச்சு பையா சுட்டுடு, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் மேலாளர். லினெட் மொத்தத்தையும் குப்பையில் கொட்டிவிட்டு சுகாதார அதிகாரிக்குப் போன் போட்டாள். மறுவாரம் ஆட்குறைப்பு என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். குறைக்கப்பட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

வயது ஐம்பத்தெட்டு. கணவன் டெஸ் இரும்பு ஆலையில் முதுகை ஒடித்துக்கொண்டு வீட்டோடு இருப்பவன். அரசு உதவித்தொகை வேண்டுமென்றால் வேலை தேடித் தரும் ஏஜென்சி ஒன்றில் பதிந்து, மாதாமாதம் மனுக்கள் போட்டுக் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே அவளுக்கு வாய்த்தவன் கோரி. இருபத்தாறு வயது, சிரித்த முகம்.

"லினெட், உங்ககிட்ட கவர் லெட்டரே இல்லையே! அதுதான் மொதல்ல கண்ணுல படும். அது சரியில்லன்னா அடுத்த பக்கத்தைத் திருப்பவே மாட்டாங்க."

"சரி, எழுதிட்டு வரேன்."

"நீங்க ஏன் கஷ்டப்படணும்? எங்ககிட்ட ரெடியா இருக்கு. பேரை மாத்தினாப் போதும்."

"நான் ஏன் வேலையை விட்டேன்னு அதுல இருக்குமா?"

"ஐயோ, கறிக் கதையைத் தொடவே கூடாது. 'புதிய சவால்களைத் தேடி விலகினேன்'னு போட்டுக்கலாம்."

"நான் எங்க விலகினேன்? பிடிச்சுத் தள்ளினாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான், லினெட்" என்றான் கோரி, தட்டச்சு செய்துகொண்டே. கடிதத்தை அவளுக்குக் காட்டாமலே அவனே அனுப்பியும்விட்டான்.

ஒரு மாதம் கழித்து ஒரு சுரங்க முகாமின் சமையலறையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நல்ல சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனாள். எதிரே உட்கார்ந்திருந்த தாடிக்காரர், கீத் என்று பெயர் சொன்னவர், காகிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

"'சிறு வயது முதலே கோழிப் பண்ணைத் துறையில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு.' எங்ககிட்ட கோழியே கிடையாதே, லினெட்?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அதை நான் எழுதல."

"கீழே உங்க பேருதான் இருக்கு. 'சுமை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட உரிமம் வைத்திருக்கிறேன்.' இருக்கா?"

"இல்ல."

கீத் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டு, மேசையிலிருந்த கட்டைப் புரட்டிக் காட்டினார். ஒன்பது பேருடைய கடிதங்கள். ஒன்பதிலும் அதே தீராத ஆர்வம், அதே புதிய சவால்கள். "உங்களைக் கூப்பிட்டதே இந்தக் கூத்தை யாரு பண்றாங்கன்னு பாக்கத்தான்" என்றார். அவளை அவமானப்படுத்துகிறோம் என்பதுகூட அந்த மனிதருக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் ஏஜென்சி கதவைத் திறந்தவுடன் லினெட் உள்ளே நுழைந்தாள்.

"என் வாழ்நாள்ல நான் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டது கிடையாது. என் பேரை வச்சுப் பொய் சொல்ல உனக்கு யாருப்பா உரிமை குடுத்தா?"

"லினெட், சத்தம் போடாதீங்க. எல்லாருக்கும் அதே லெட்டர்தான்."

"அதைத்தான் கேக்குறேன்! எல்லாரும் ஒரே ஆளா? உனக்கு முன்னாடி உக்காந்திருக்கிறவங்க முகத்தை என்னைக்காவது பாத்திருக்கியா?"

காத்திருந்தவர்களில் ஒரு கிழவர் மெல்லக் கை தட்டினார். கோரி கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றே வீட்டுக்கு வந்து தாளை எடுத்து உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் எழுதியதில்லை. மூன்று நாள் ஆயிற்று. கிழித்துப் போட்ட தாள்களைப் பார்த்து, "ஏன் கண்ணு, பிரதமருக்கா எழுதுற?" என்று கேட்டான் டெஸ். "அந்தாளுக்கும் எழுதணும். இது முடியட்டும்" என்றாள்.

கடைசியில் நின்ற கடிதம் முக்கால் பக்கம்:

"நாற்பத்திரண்டு பேருக்குப் பத்தொன்பது வருடம் சமைத்தேன். என் சாப்பாட்டால் ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை. கெட்டுப்போன கறியைச் சமைக்க மறுத்துப் புகார் சொன்னதால் என்னை அனுப்பிவிட்டார்கள். நாளைக்கும் அதையேதான் செய்வேன். அப்படிப்பட்ட ஆள் உங்கள் சமையலறைக்கு ஆகாது என்றால் என்னை அழைக்க வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரியாது."

பதினோரு இடங்களுக்கு அனுப்பினாள். எட்டு இடங்களிலிருந்து பதிலே இல்லை. இரண்டு இடங்கள் மறுத்துவிட்டன. பதினோராவதாக போர்ட் அகஸ்டா என்ற ஊரிலிருந்து, ஒரு சின்ன மருத்துவமனையின் சமையலறைப் பொறுப்பாளர் நெனிட்டா தானே போன் செய்தாள்.

"கறியை நெஜமாவே கொட்டினீங்களா?"

"பதினெட்டுக் கிலோ."

"போன தடவை இருந்த ஆளு பழைய சோத்துல பச்சை பூத்ததைச் சுரண்டி எடுத்துட்டுப் போட்டாரு. திங்கக்கிழமை வர முடியுமா?"

வாரத்துக்கு நான்கு நாள் வேலை. போக எழுபத்தைந்து கிலோமீட்டர், வர எழுபத்தைந்து. லினெட் ஒப்புக்கொண்டாள்.

சேர்ந்த ஆறாம் வாரம் கோரியிடமிருந்து போன். "வாழ்த்துகள் லினெட்! உங்க சம்பளச் சீட்டு ஒண்ணு அனுப்புறீங்களா? உங்களுக்கு வேலை வாங்கிக் குடுத்ததுக்கு எங்களுக்கு அரசுப் பணம் வரணும்."

"நீங்களா வாங்கிக் குடுத்தீங்க?"

"நீங்க எங்க பட்டியல்ல இருந்தீங்களே."

"கோழிப் பண்ணை ஆர்வத்தோட இருந்தாளே, அந்த லினெட்கிட்ட கேளு" என்று போனை வைத்துவிட்டாள்.

அவள் சீட்டைக் கொடுக்கவில்லை. ஆனாலும் அரசுப் பதிவுகளிலிருந்தே விவரத்தை எடுத்து ஏஜென்சி தன் பணத்தை வாங்கிக்கொண்டது. அது தெரிந்த நாளில் அவள் சாப்பிடக்கூட உட்காரவில்லை. அரசின் வேலைவாய்ப்புத் துறைக்குப் புகார்க் கடிதம் எழுதினாள், இதுவும் சொந்தக் கையால். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்." கீழே கையெழுத்து இல்லை, பெயரும் இல்லை.

லினெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் அடியிலேயே எழுதினாள்: "இதை எழுதியது யார்? பெயரைச் சொல்லுங்கள். அந்த ஆளிடம் நான் பேச வேண்டும்." அன்றைக்கே தபாலில் சேர்த்தாள். பதில் வரவில்லை; இன்னும் விடாமல் மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.