ஆம்பியர் குறைத்தவர்

என் வீட்டுக்காரரை எல்லோரும் ஆம்பியர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எந்நேரமும் டாங் டெஸ்டர் தொங்கும். ஒயரை அறுக்காமல், இடுக்கிபோல் கவ்வி, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் கருவி அது. கல்யாணமான மறுநாளே என் மிக்ஸியைக் கவ்விப் பார்த்த மனிதர். மோட்டார் வேலையில் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் தப்பு மட்டும் ஒருநாளும் அவருடையதாக இருந்ததில்லை. டீயில் அவரே உப்பைப் போட்டாலும் குற்றம் டப்பாவின் மேல்தான்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், மர அறுவை மில் நடத்துகிறார். மில்லில் இருப்பது ஒரே மோட்டார். பதினைந்து ஆம்பியர் தாங்கும், அதற்கு மேல் போனால் ஓவர்லோட் ரிலே அணைத்துவிடும். பலகை அளக்கும் என்னையும் சேர்த்து ஐந்து பேரின் பிழைப்பு அதை நம்பித்தான். பவர் ஃபேக்டர், அதாவது வாங்கும் கரண்டில் வேலைக்குப் பயன்படும் பங்கு, குறைவாக இருக்கிறது, சரிசெய்யுங்கள் என்று மின்வாரியக் கடிதம் வந்ததும் இவர் போய் மோட்டாரோடு ஒரு கெப்பாசிட்டரை இணைத்தார். மெயின் லைனில் பதினான்கு காட்டிய டெஸ்டர் பதினொன்றுக்கு இறங்கியது.

"மூணு ஆம்பியர் கொறச்சிட்டேன்க்கா," என்றார், மில் முழுக்கக் கேட்கும்படி. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவர் கால் தரையில் படவில்லை.

மோட்டாருக்குத் தெம்பு மிச்சமிருக்கிறது என்று நாத்தனார் தடித்த மரங்களாக ஏற்றினார். அப்படி ஏற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் கருகல் வாடை வந்தது. பதறிப்போய் அணைத்தார். மோட்டார்மேல் கை வைக்க முடியவில்லை. ரிலேயோ ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது.

இவர் ஓடி வந்தார். ஆறவிட்டு, அதே மரத்தை ஒரு நிமிஷம் ஓட்டச் சொன்னார். மெயின் லைனில் கவ்வினார், பதினான்கு. கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே கவ்வினார், பதினேழு. டார்ச் பிடித்திருந்த எனக்கும் அந்த எண் தெரிந்தது. மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

மோட்டாருக்கு மரம் அறுக்க ஒரு கரண்ட் வேண்டும், காந்தம் உண்டாக்க இன்னொன்று வேண்டும். முன்பு இரண்டுமே லைனிலிருந்து வந்தன. இப்போது இரண்டாவதில் பெரும்பகுதியைக் கெப்பாசிட்டர் கொடுக்கிறது. லைனில்தான் குறைந்ததே தவிர மோட்டாருக்குள் போவது குறையவில்லை. ரிலே இருப்பதோ லைனில், அது பார்த்தது பதினான்கைத்தான். கெப்பாசிட்டர் மாட்டிய அன்றே அதைப் பதினைந்திலிருந்து பன்னிரண்டுக்கு இறக்கியிருக்க வேண்டும்.

"எல்லாம் என்னாலதான்டா," என்றார் நாத்தனார். "பேராசைப்பட்டுத் தடி மரத்த ஏத்திட்டேன்."

வசதியாகப் போயிற்று, பழியைத் தூக்கி அக்கா தலையில் வைத்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேலையாட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வெகுநேரம் கையைத் துடைத்தார்.

"இல்லக்கா. ரிலேய எறக்க மறந்தது நான். மோட்டார் வாங்கற கரண்ட் கொறையவே இல்ல. நான்தான் கொறஞ்சிடுச்சுன்னு பீத்திக்கிட்டேன்."

நாத்தனார் யோசித்தார். "அதாவது, வீட்டுக்குள்ளயே கெணறு வந்ததால தெருக்குழாய்க்கு நடக்கற நடைதான் கொறஞ்சிருக்கு. வீட்டுல தண்ணி செலவு அப்படியேதான் இருக்கு."

"அதேதான்க்கா," என்று ரிலேயைத் திருகப் போனார்.

நாத்தனார் என் பக்கம் சாய்ந்து, "அவனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கிசுகிசுத்தார்.

"நல்லாத்தான் இருக்கார் அண்ணி," என்றேன். பெருமையோடு டார்ச்சை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.