பாங்கு நேரத்தில் விழுந்த கொம்பியூட்டர்

"இல்ல செயலாளர், அத நான் ஒப்ப மாட்டன். பள்ளிர கொம்பியூட்டரக் கெடுத்தது மாஸ்டரில்ல."

மூன்று நாளாக இதை வீட்டுச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மாஸ்டரை அடக்கிய கையோடு, மையவாடி வாசலில் எங்கள் பள்ளிவாசல் செயலாளர் சொன்னார்: "நல்ல மனிசன்தான். ஆனா அந்த லினக்ஸப் போட்டு நம்மளப் படாத பாடு படுத்தினார்." நான் வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

செவ்வாய் காலை, இஸ்மாயில் மாஸ்டர் மவுத்தான செய்தி அதே கொம்பியூட்டரிலிருந்துதான் ஊராரின் போன்களுக்குப் போனது. கொஞ்சமும் பிந்தவில்லை. அதைப் பிந்தாமல் ஓடவைத்தவரும் அவர்தான்.

மாஸ்டர் கொம்பியூட்டர் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊரில் யாராவது இறந்தால் ஜனாஸா அறிவித்தல் அனுப்புவதற்காக, பள்ளியில் கிடந்த பழைய கொம்பியூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தந்தார். திறந்தால் ஒரு பென்குயின் படம் வரும். நான் அங்கே மோதினார். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வது என் வேலை, ஆட்களைச் சீண்டுவது என் பழக்கம். ஊரில் எல்லோருக்கும் நான் காக்கா, மூத்த அண்ணன்.

"குளிர் ஊர்ப் பறவை மாஸ்டர். கல்முனை வெயில் தாங்குமா?"

"உங்கட கதையையே தாங்குது காக்கா. வெயில் என்ன வெயில்!"

முதலில் செய்திகள் பிந்தின. ஒரு ஜனாஸாவுக்கு, மவுத்தானவரின் தம்பியே அடக்கிய பிறகுதான் வந்து சேர்ந்தார். மாஸ்டர் உட்கார்ந்து தேடினார். இணையத்தில் முகவரி விசாரிக்க இரண்டு இடங்கள் அதில் பதிந்திருந்தன. முதலாவது எப்போதோ செயலிழந்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் அனுப்புமுன் அதனிடம் கேட்டு, காத்து நின்றுவிட்டுத்தான் இரண்டாவதிடம் போயிருக்கிறது.

"மவுத்தான ஆளுட்ட வழி கேட்டுக்கிட்டு நிக்குது காக்கா" என்று சிரித்து, முதலாவதை அழித்தார்.

அதன் பிறகு கொம்பியூட்டர் திடீர் திடீரென்று அணைந்து விழத் தொடங்கியது. நிர்வாகத்தார் அதைத் தூக்கிப்போட்டு, மாஸ்டரையும் வரவேண்டாம் என்று சொல்லத் தீர்மானித்தார்கள். "பென்குயினுக்கு சூடு புடிச்சிட்டு" என்று அந்தக் கூட்டத்தில் சிரித்தவன் நான்.

கொம்பியூட்டர் தானாகவே எழுதிவைக்கும் குறிப்பிலிருந்து, விழுந்த நேரங்களை மாஸ்டர் ஒரு தாளில் எடுத்தார். கொம்பியூட்டர் போட்டிருக்கும் வேளையில் வரும் மூன்று தொழுகைகள்: லுஹர், அசர், மஃரிப். நாளுக்கு நாள் ஒரு நிமிடம் முந்திப் பிந்தி வந்தன. தாளைச் சுவரிலிருந்த தொழுகை நேர அட்டவணையோடு பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"காக்கா, பாங்குக்கு மைக் பெட்டிர வயர எங்க சொருகுறீங்க?"

ஒரு நாள் கரண்ட் போய், பாதிப் பாங்கில் என் குரல் நின்றது. அன்றிலிருந்து, கரண்ட் போனாலும் கொம்பியூட்டரை ஓடவைக்கும் பற்றரிப் பெட்டியில் மைக்கையும் சொருகி வந்தேன். முடிந்ததும் கழற்றிவிடுவேன். அந்தப் பெட்டி இரண்டையும் தாங்கவில்லை.

மாஸ்டர் நிர்வாகத்தாரிடம் என் பெயரை எடுக்கவில்லை. "பற்றரிக்குப் பாரம் கூடிட்டு. வேற பெட்டி வெச்சிட்டன்" என்றார். வெளியே வந்து என் தோளைத் தட்டினார். "பாங்கு நிக்கப்படாதெண்டுதானே காக்கா செஞ்சீங்க."

நேற்று அசருக்குப் பிறகு செயலாளரைப் பிடித்தேன்.

"செயலாளர், அந்தப் பற்றரிப் பெட்டியில மைக்கப் போட்டது நான்தான்."

"உங்கட பகிடிக்கு இப்ப நேரமில்ல காக்கா."

"பகிடியில்ல. மாஸ்டர் எனக்காகத்தான்..."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்.

கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்த வெறுங்கதிரையைத் திரும்பிப் பார்த்து, "மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க" என்றேன். பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்தும் நின்றேன்.

போய் வாருங்கள் மாஸ்டர். செயலாளர் கேட்காமல் போன மீதியை எழுதிப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறேன்.