டாகுமெண்டரி பார்க்கச் சொன்னவன் பாடு

ஒருவருக்கும் வேண்டாத சரக்கை இலவசமாகக் கொடுப்பது எத்தனை கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால், டாகுமெண்டரி படங்களைச் சிபாரிசு செய்யும் உத்தியோகத்தில் சேர வேண்டும். அறுபதுகளில் பம்பாயில் நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். ஃபோர்ட் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீஸ். அலமாரி நிறையப் படச் சுருள்கள். அணைக்கட்டு, தேனீ, சுகாதாரம், கோயில் சிற்பம் என்று எதைக் கேட்டாலும் உண்டு. என்ன, யாரும் கேட்பதில்லை. தமிழ் விளக்கவுரை உள்ள படங்கள் என் பொறுப்பு. முதலில் நான் பார்க்க வேண்டும். நன்றாக இருப்பதைச் சபாக்களுக்கும் சங்கங்களுக்கும் ஃபேக்டரிகளுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் போனால் போகிறது என்று சம்மதித்தால், ப்ரொஜெக்டரோடு போய்ப் போட்டுக் காட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால் அவற்றில் சில பிரமாதமான படங்கள். ஒரு மீனவக் குடும்பம் புயலுக்கு முன்னால் வலையைச் சுருட்டிக்கொண்டு ஓடும் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன். அது என் சொந்த வியாதி, ஊருக்கு ஒட்டவில்லை. நல்ல புத்தகம் என்று ஆசையாகக் கொடுத்து, அது நண்பர் வீட்டில் பால் பாத்திரத்துக்கு மூடியாக இருப்பதைக் கண்டும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிய அன்பர்களே, இது உங்களுக்காக. மற்றவர்கள் எழுந்து போண்டா சாப்பிடப் போகலாம்.

சூடான போண்டா

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் கீழ் வீட்டுக்காரர் ராமநாதன். ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். சனிக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு சினிமா. அந்நாளில் எந்தத் தியேட்டரிலும் மெயின் படத்துக்கு முன்னால் ஒரு டாகுமெண்டரி போட்டே தீர வேண்டும் என்பது சட்டம். அந்த வாரம் இமயமலைப் பறவைகளைப் பற்றிய படம். மாடிப்படியில் அவரை மறித்து, பனியில் எப்படிக் காத்துக் கிடந்து அதை எடுத்தார்கள் என்று சொல்லி, முதல் படத்தை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். எவ்வளவு நேரம் ஓடும் என்று அக்கறையாக விசாரித்தார். அப்படிக் கேட்ட முதல் மனிதர். எனக்குக் கண் கலங்காத குறை.

மறுநாள் அவரே மாடியேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப உபகாரம் ஸார். நீங்க சொன்ன நேரத்துக்குக் கரெக்டா முடிஞ்சுது. வெளியில நின்னு நிதானமா, சூடா போண்டா சாப்ட்டு உள்ள போறோம், மெயின் பிக்சர்ல அப்பதான் டைட்டில் ஓடறது!"

அணையும் வித்வானும்

ஒரு சபாவின் காரியதரிசி தாமாகவே ஆபீஸுக்கு வந்து படம் கேட்டார். அன்று சாயங்காலம் அவர்கள் சபாவில் கச்சேரி. பாட வேண்டிய வித்வான் மதராஸிலிருந்து வருகிறார், ரயில் லேட். கூட்டம் எழுந்து போகாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும். "நீளமா ஒண்ணு குடுங்கோ" என்றார். படத்தை முழம் போட்டுக் கேட்டவர் என் அனுபவத்தில் அவர் ஒருவர்தான். நான் அணைக்கட்டுப் படத்தைச் சிபாரிசு செய்தேன். மலையைக் குடைந்து, ஆற்றைத் திருப்பி, கடைசியில் மதகைத் திறக்கும்போது வறண்ட வாய்க்காலில் நின்றுகொண்டிருக்கும் ஒரு விவசாயியின் காலைத் தண்ணீர் தொடும். முழுப் படமும் அந்த ஒரு காட்சிக்காகத்தான்.

எங்கள் ஆபரேட்டர் சாவந்த் படத்தை ஓட்டினார். மதகு திறக்க வேண்டிய நேரம், வாசலில் டாக்ஸி வந்து நின்றது. காரியதரிசி வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடி வந்தார். அவர் நிழல் அணையின் மேல் விழுந்தது. இன்னும் கொஞ்சம்தான், தண்ணீர் வரப் போகிறது என்று நான் பதறினேன். அவர் சொன்னார்: "வித்வான் வந்துட்டார், நிறுத்துங்கோ ஸார். அணை எங்கே ஓடிப் போயிடப் போறது? இன்னொரு நாள் திறந்துக்கலாம்!"

சாட்சி வேண்டும்

என் மேலதிகாரி தேஷ்பாண்டே சாகேப் நல்ல மனிதர். அதாவது, கெட்ட செய்தியை முதலில் சாய் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார். ஒருநாள் சாய் வந்தது. தமிழ்ப் படங்களைச் சீந்துவார் இல்லை, ஆகவே அவற்றையும் என்னையும் சேர்த்து டில்லிக்கு அனுப்பிவிடலாமா என்று மேலிடத்தில் யோசிக்கிறார்கள், தீபாவளிக்குள் முடிவாகிவிடும் என்றார். சபாவில் எத்தனை பெரிய கூட்டம் என்று ஆரம்பித்தேன். கையமர்த்திவிட்டு இந்தியில் சொன்னார். தமிழில் அது இப்படி வரும்: "ஃபேனுக்குக் கீழே எவன் வேண்டுமானாலும் உட்காருவான், பாபா. படத்தைப் பார்த்தான் என்பதற்கு ஒரு சாட்சி கொண்டு வா, உன்னை இங்கேயே வைத்துக்கொள்கிறேன்."

கிண்டலாக எழுதுகிறேனே தவிர, அன்று சாயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என் மனைவி எஸ்தருக்குத் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. நாய் படாத பாடு பட்டுக் கிடைத்த வேலை. நான் டில்லிக்குப் போனால் ஒன்று அவள் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் நாங்கள் ஆளுக்கு ஒரு ஊரில் இருக்க வேண்டும். கல்யாணமாகி வருஷம்கூட ஆகவில்லை. பயந்துகொண்டே அவளிடம் சொன்னேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டுவிட்டு எஸ்தர் சொன்னாள்: "டில்லியில போயி யாருக்குங்க படம் போடுவீங்க? இங்க பாக்காம எந்திரிச்சுப் போறவங்களாவது தமிழ்ல பேசிக்கிட்டுப் போறாங்க."

சிரிக்கிற தொழிலாளி

அதற்குப் பிறகு நான் படம் காட்டுகிற இடத்திலெல்லாம் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். முகங்களைத்தான் பார்த்தேன். விக்ரோலியில் ஒரு ஃபேக்டரி கேண்டீன். மெஷினில் கையைக் கொடுக்காமல் வேலை செய்வது எப்படி என்று சொல்லித்தரும் படம். அதில் வருகிற தொழிலாளி ஆரம்பம் முதல் கடைசி வரை சிரித்த முகமாகவே இருப்பார். படம் முடிந்ததும் லேத் ஓட்டுகிற தூத்துக்குடிக்காரர் ஒருவர் எழுந்தார். "அண்ணாச்சி, அந்த ஆளு சிரிச்சிக்கிட்டே வேலை செய்தான்லா, அது எந்த ஷிஃப்ட்டு? எங்களையும் அதுல போடச் சொல்லுங்க" என்றார். கேண்டீனே அதிர்ந்தது. மானேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. சாட்சி கிடைத்துவிட்டதே! நேரே ஆபீஸுக்கு ஓடி சாகேபிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இவன் பார்த்திருக்கிறான், ஒப்புக்கொள்கிறேன். இப்படிப் பார்க்கிறவனைப் பற்றி மேலிடத்துக்குச் சொன்னால், டில்லி ரயிலில் உன் பக்கத்தில் நானும் உட்கார வேண்டியிருக்கும்."

செம்பூர் பெரியவர்

செம்பூரில் அப்போது புதிதாக வீடு கட்டிக் குடியேறியவர்களின் சங்கம் ஒன்று. சுற்றிலும் புதர், ஆகவே பாம்பு. எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை என்று காட்டும் அருமையான படம் என்னிடம் இருந்தது. இதைவிடப் பொருத்தமான சிபாரிசு உலகத்தில் உண்டா? தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். ரிடையரான ஆபீஸர். பொறுமையாகக் கேட்டார். பார்த்துவிட்டு நாலு வார்த்தை சாகேபிடம் நல்லபடியாகச் சொன்னால் போதும் என்று என் நிலைமையையும் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். மனம் இளகிப் போய் அவர் சொன்னது: "பேஷா சொல்றேன். இப்பவே வேணும்னாலும் ஃபோன்ல சொல்லிடறேன். அதுக்குன்னு படத்தை வேற தூக்கிண்டு வந்து சிரமப்படாதீங்கோ."

துணிக்கு அந்தப் பக்கம்

மழை முடிந்த சமயம் தாராவியில் அம்மை கண்டது. எஸ்தரின் வகுப்பில் ஒரு பெண் வராமல் இருந்தாள். பிறகு வரவே இல்லை. இதைப் பற்றிக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. முனிசிபாலிட்டிக்காரர்கள் அம்மை குத்த வந்தால் ஜனங்கள் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தார்கள். அம்மை குத்திக்கொள்ளும் படம் ஒன்று அலமாரியில் இருந்தது. இந்த ஒரு படத்தையாவது பார்க்கட்டும் என்று, யாரும் கேட்காமலேயே தூக்கிக்கொண்டு போனேன்.

தோல் பட்டறை வைத்திருந்த கடையநல்லூர் காதர் பாய், தோல் காயப்போடும் வெளியை விட்டுக்கொடுத்தார். கரண்டும் அவர் பட்டறையிலிருந்துதான். இரண்டு கம்பத்துக்கு நடுவில் வெள்ளைத் துணி கட்டினோம். அங்கே ஒரு வழக்கம்: ப்ரொஜெக்டர் இருக்கும் பக்கம் ஆண்கள், துணிக்கு அந்தப் பக்கம் பெண்களும் குழந்தைகளும். மெல்லிய துணி, படம் இரண்டு பக்கமும் தெரியும். பின்னால் இருக்கிறவர்களுக்கு எல்லாம் இடம் வலமாகத் தெரியும், அவ்வளவுதான். அது எனக்கும் தெரியும், சாவந்துக்கும் தெரியும். அதை ஒரு விஷயமாகவே நாங்கள் நினைக்கவில்லை. படத்தில் ஒரு டாக்டர் பூப்போட்ட சேலை கட்டிய பெண்ணின் இடது புஜத்தில் அம்மை குத்துகிறார். விளக்கவுரையில் கை என்று மட்டும்தான் வரும். ஆண்கள் பக்கம் பீடியும் பேச்சுமாகப் போயிற்று. பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். படம் முடிந்ததும் காதர் பாய் வந்தார். "காட்டியாச்சுல்லா தம்பி? துணிய அவுத்துக்கிடுங்க, காலையில தோலு காயப்போடணும்."

எந்தக் கை?

அடுத்த வாரம் முனிசிபாலிட்டி டாக்டர் ஒருவர் எங்கள் ஆபீஸுக்குள் புயல் மாதிரி நுழைந்தார். தாராவியில் ஆண்கள் இடது கையை நீட்டுகிறார்களாம். பெண்கள் வலது கையை நீட்டுகிறார்களாம். இடது கையைத் தொட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகிறார்களாம். படத்தில் என்ன காட்டித் தொலைத்தீர்கள் என்று மேஜையைத் தட்டினார். சாகேப் என்னைப் பார்த்தார். நான் டில்லியைப் பார்த்தேன். "போய்ச் சரிசெய்துவிட்டு வா" என்று டாக்டரோடு என்னை அனுப்பினார்.

காதர் பாய் பட்டறை வாசலில்தான் அம்மை குத்தினார்கள். அங்கே செல்லக்கனி என்ற பெண்ணுக்கும், பட்டறையில் வேலை செய்யும் அவள் புருஷனுக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது. "இடது கையிலதாம்டி குத்துனாவ, நான் முன்னால இருந்து பாத்தேன்" என்கிறான் அவன். "நீங்க எங்க பாத்தீங்க, பீடிக்கு நெருப்புல்லா தேடிக்கிட்டு இருந்தீங்க! அந்தப் பூப்போட்ட சேலைக்காரிக்கு வலது கையில குத்துனாவ. அவ மொகத்தச் சுளிச்சா. மடியில இருந்த பிள்ள டாக்டரு கண்ணாடியப் புடிச்சு இழுத்துச்சு" என்கிறாள் அவள். அந்தக் குழந்தை கண்ணாடியை இழுப்பதை அத்தனை தடவை பார்த்த நானே கவனித்ததில்லை. ஆபீஸுக்குத் திரும்பியதும் போட்டுப் பார்த்தேன், இழுக்கத்தான் செய்தது. அந்த வாசலில் நின்றபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுகை வந்தது.

துணியின் சங்கதியை விளக்கினேன். ஒரே படம், அந்தப் பக்கம் இருந்து பார்த்தால் கை மாறித் தெரியும் என்றேன். செல்லக்கனி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரவிக்கையின் வலது கையை இன்னும் கொஞ்சம் மேலே சுருட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் எல்லாரும் அப்படியே செய்தார்கள். டாக்டர் பெருமூச்சு விட்டார். அம்மைக்கு இடம் வலம் கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே வலது கைகளில் குத்த ஆரம்பித்தார். வரிசை சந்து முனை திரும்பிப் போய்க்கொண்டே இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு பிள்ளையும் இல்லை.

டாக்டர் திரும்பி வந்து நடந்ததை எல்லாம் சாகேபிடம் கொட்டினார், இந்தத் தடவை மேஜையைத் தட்டாமல். சாகேப் சாய் வரவழைத்தார். கெட்ட செய்திதான் என்று நான் அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்று அவர் சொன்னது: "ஒரு சாட்சி கேட்டேன், நீ தாராவியையே கை தூக்க வைத்துவிட்டாய். தப்பான கைதான், பரவாயில்லை. உன் அலமாரி இங்கேயே இருக்கட்டும், போ."

ஆக, நல்ல படம், நல்ல படம் என்று இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்கு இந்தப் பம்பாயில் எனக்கு இருக்கும் ஒரே அத்தாட்சி, தாராவிப் பெண்களின் வலது புஜத்தில் இருக்கும் அம்மை குத்திய தழும்புதான்.